இரண்டு பவுண்டு மீனுக்குப் பதினேழு பவுண்டு நரம்பு... ஏன் தெரியுமா?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்கு 1965 முதல் ஒரு மாநில மீன் இருக்கிறது, தெரியுமா? பெயர் வால்ஐ. பூனைக்கு இருப்பதுபோலவே இதன் விழித்திரையை ஒட்டி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் ஒரு படலம் உண்டு. இருட்டில் டார்ச் அடித்தால் கண் இரண்டும் பளீரென்று மின்னும்! அந்தி மங்கலிலும் கலங்கல் தண்ணீரிலும் இரை பிடிப்பதில் கில்லாடி.

இந்தக் கில்லாடியைப் பிடிக்கத்தான் அங்குள்ளவர்கள் வீட்டு மேஜையில் உட்கார்ந்து ‘ஸ்பின்னர் ரிக்’ கட்டுகிறார்கள். நாலைந்து அடி தூண்டில் நரம்பு, அடியில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு முள், மேலே வரிசையாகச் சில மணிகள், அதற்கும் மேலே சுழலும் ஒரு சின்னத் தகடு. முள்ளில் நீளமாக ஒரு மண்புழு. படகு மணிக்கு ஒரு மைல் வேகத்தில் ஊர்ந்தாலே போதும், தகடு கிறுகிறுவென்று சுற்றும்.

பிடிபடுவது பெரும்பாலும் இரண்டு மூன்று பவுண்டு மீன். ஆனால் கட்டும் நரம்போ பல நேரம் 14, 17 பவுண்டு இழுவை வரை அறாமல் தாங்குவது! வீண் செலவா? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

முதலில் நரம்பின் பூர்வீகம். நைலான் வருவதற்கு முன் உயர்தரத் தூண்டில் நரம்பு எதிலிருந்து வந்தது தெரியுமா? பட்டுப்புழுவின் வயிற்றிலிருந்து! கூடு கட்டத் தயாரான புழுவை வினிகரில் ஊறப்போட்டு, பட்டுச் சுரப்பியை வெளியே எடுத்து, இரண்டு கையாலும் இழுத்து நீட்டிக் காயவைப்பார்கள். ஸ்பெயினின் முர்சியா இதற்குப் பேர்போன ஊர். 1935-ல் டூபான்ட் கம்பெனியில் வாலஸ் கரோதர்ஸ் குழு நைலானை உருவாக்கியது. பிறகு புழுக்கள் பிழைத்தன.

அடுத்து ஃபுளோரோகார்பன். 1971-ல் ஜப்பானின் குரேஹா கம்பெனி கொண்டுவந்த நரம்பு. இது என்ன பிளாஸ்டிக் தெரியுமா? உங்கள் செல்போனின் லித்தியம் பேட்டரிக்குள் மின்முனைத் தூளை ஒட்டிப் பிடிக்கும் பசையும் பெரும்பாலும் இதே சரக்குதான்! தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, இதற்கு 1.42, நைலானுக்கு 1.5-க்கும் மேல். அதனால்தான் ‘மீன் கண்ணுக்கே தெரியாது’ என்று விற்கிறார்கள். தெரியாது என்பது அதிகப்படி. குறைவாகத் தெரியும், அவ்வளவுதான். அதுவும் பக்கத்திலேயே ஒரு தகடு ‘இதோ வந்துட்டேன்’ என்று மின்னிக்கொண்டு சுற்றும்போது, நரம்பு ஒளிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது?

மூன்றாவது, பின்னல் நரம்பு. குண்டு துளைக்காத சட்டையில் போடும் அதே பாலிஎத்திலீன் இழை! தண்ணீரைவிட லேசு, மிதக்கும். இழுத்தால் நீளாது. ரீலில் சுற்ற இதைப்போல வேறில்லை. தகடு சுற்றும் துடிப்புகூட விரலுக்கு வந்துவிடும். ஆனால் ரிக்கில் கட்டினீர்களோ, தொலைந்தது. நூல்போலத் தொய்ந்து தகட்டையும் முள்ளையும் சேர்த்துச் சுற்றிக்கொள்ளும்.

ஆக, ரிக்குக்கு வேண்டியது விறைப்பு! நரம்பின் குறுக்களவை இரண்டு மடங்காக்கினால் பலம் நாலு மடங்காகும். விறைப்போ பதினாறு மடங்கு! 10 பவுண்டிலிருந்து 17-க்குப் போனால் பலம் ஒன்றே முக்கால் மடங்குகூட வராது, விறைப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கடையிலேயே பார்க்கலாம்: ஓரடி நரம்பைக் கிடைமட்டமாக நீட்டிப் பிடியுங்கள். மெல்லியது நுனியில் தலைகுனியும். தடித்தது அவ்வளவு குனியாது. அந்த விறைப்புதான் தகட்டையும் முள்ளையும் ஒன்றோடொன்று சிக்காமல் தள்ளி வைக்கிறது.

அப்படியானால் ஃபுளோரோகார்பன் வேண்டவே வேண்டாமா? பாறை அடிக்கு அது நல்லது, சீக்கிரம் உராய்ந்து தேயாது. 1980-களின் கடைசியில் ஈரி ஏரிப் பக்கம் வந்துசேர்ந்த வரிக்குதிரைச் சிப்பிகள் தண்ணீரை வடிகட்டித் தெளியவும் வைத்தன, அடியெல்லாம் கத்திபோல் கூரான ஓடுகளையும் பரப்பின. அங்கே கூடுதல் காசுக்கு அர்த்தம் இருக்கிறது. ஆனால் அது நைலானைவிடக் கனம், மூழ்கும். படகு மெதுவானால் புழுவும் அதோடு அடியில் போய்ப் படுத்துவிடும். சாதாரண ஏரிக்கு விறைப்பான நைலானே என் ஓட்டு.

முடிச்சு போடும்போது எச்சில் தொட்டு இறுக்குவார்கள், பார்த்திருக்கிறீர்களா? மூடநம்பிக்கை இல்லை! காய்ந்த நரம்பு உரசும் சூட்டிலேயே முடிச்சு பலமிழக்கும். ஃபுளோரோகார்பனில் இது இன்னும் மோசம்.

இவ்வளவு பார்த்துக் கட்டியும் ஒரு வில்லன் பாக்கி. அதே ஏரிகளில் பைக் என்ற மீன் உண்டு. வாயெல்லாம் ரம்பப் பல். 17 பவுண்டு நரம்பையும் ஒரே கடியில் துண்டித்துத் தகடு, மணி, முள் எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். அதனால்தான் ரிக் கட்டுகிறவர்கள் டஜன் கணக்கில் கட்டி வைக்கிறார்கள்!