இரண்டு கதவு கார் மீது ஆசையா? வாங்கும் முன் ஒரு கணக்கு

ஷார்ஜாவிலோ துபாயிலோ வேலைக்குச் சேர்ந்து, ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்ததும் நம் பிள்ளைகள் செல்போனில் முதலில் தேடுவது பழைய கார் விளம்பரங்களைத்தான். அதிலும் இளைஞர்களின் கண் போய் நிற்பது 'கூபே' என்று சொல்லப்படும் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார்களில். ஊரில் சாலையோரம் நின்று வேடிக்கை பார்த்த கார், இங்கே சில மாதச் சம்பளத்தில் முன்பணம் கட்டினால் வீட்டு வாசலில் வந்து நிற்கும். ஊரிலிருக்கும் வாப்பாவுக்குப் படம் அனுப்பி, "வாங்கட்டுமா?" என்று கேட்கும் மகன்கள் உண்டு. வாங்கிய பிறகு படம் அனுப்புகிறவர்களும் உண்டு.

ஆசைப்படுவதில் குற்றமில்லை. தினமும் இரண்டு மணி நேரம் சாலையில் கழிக்கிறவருக்கு, ஓட்டுவதற்குப் பிடித்த கார் அமைவது ஒரு ஆறுதல். ஆனால் அந்தக் கார் வெள்ளிக்கிழமை இரவு மட்டும் ஓடப்போவதில்லை. காலை ஏழு மணிக்கு இத்திஹாத் சாலை நெரிசலில் ஊர்ந்து போகப்போவதும் அதே கார்தான். எனவே அந்தக் காலை நேரத்தை மனதில் வைத்துத்தான் காரைத் தேர்வு செய்ய வேண்டும்.

குதிரைத்திறன் மட்டும் சுகமல்ல

விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது எஞ்சின் சக்தி. ஃபோர்டு மஸ்டாங்கின் 5 லிட்டர் வி8 எஞ்சின் 400 குதிரைத்திறனுக்கு மேல் தரும். காரின் எடை 1,650 கிலோவைத் தாண்டும். 2012-ல் வந்த டொயோட்டா 86 காரில் இருப்பது 2 லிட்டர் எஞ்சின், சுமார் 200 குதிரைத்திறன். எடை ஏறக்குறைய 1,250 கிலோ மட்டுமே. காகிதத்தில் மஸ்டாங்தான் பெரியது. ஆனால் 80, 100 என்று வேக வரம்புள்ள சாலையில் வி8 சக்தியில் பாதியைக்கூடப் பயன்படுத்த முடியாது. பெட்ரோல் செலவு மட்டும் முழுதாக வரும். எடை குறைந்த காரோ ரவுண்டானாவில் திரும்பும்போதே ஓட்டும் சுகத்தைத் தந்துவிடும். பிரேக், டயர் செலவும் குறைவு.

டொயோட்டா 86, சுபாரு நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கப்பட்டது. எஞ்சினும் சுபாருவுடையதுதான். 2012, 2013 மாடல்களில் வால்வு ஸ்பிரிங் குறைபாட்டுக்காக 2018-ல் பல நாடுகளில் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்த மாடலை வாங்குவதானால், சேஸிஸ் எண்ணைக் கொடுத்து அந்த வேலை முடிந்ததா என்று டீலரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். 2021-ல் அறிமுகமான ஜிஆர் 86-ல் 2.4 லிட்டர் எஞ்சின் வந்துவிட்டது.

மஸ்டாங்தான் வேண்டும் என்பவர்களுக்கு, 2015 மாடலில் இருந்து கிடைக்கும் 2.3 லிட்டர் டர்போ எஞ்சின் அன்றாட ஓட்டத்துக்குப் போதும். கியர் விஷயத்திலும் ஒரு வார்த்தை. மேனுவல் கியர் ஓட்டச் சுகமானதுதான். ஆனால் முக்கால் மணி நேரம் நகர்ந்து நகர்ந்து நிற்கும் சாலையில் இடது கால் ஓய்ந்துவிடும், கிளட்சும் தேயும். தினசரி நெரிசலில் போகிறவருக்கு ஆட்டோமேட்டிக்தான் பொருத்தம்.

பின் இருக்கையில் யார்?

இன்று தனியாள். இரண்டு வருடத்தில் திருமணம், பிறகு குழந்தை என்று ஆகும். அமீரகப் போக்குவரத்துச் சட்டப்படி, முன் இருக்கையில் அமர்பவர் குறைந்தது 10 வயதும் 145 செ.மீ. உயரமும் உள்ளவராக இருக்க வேண்டும். 4 வயது வரை குழந்தைகளுக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கை கட்டாயம். நிசான் 370இசட் போன்ற கார்களில் இரண்டே இருக்கைகள்தான். அந்தக் காரில் உங்கள் பிள்ளையைச் சட்டப்படி ஏற்றவே முடியாது.

86, மஸ்டாங் போன்றவற்றில் பின் இருக்கை உண்டு. ஆனால் பெரியவர்களுக்கு அது தண்டனை. ஊரிலிருந்து விசிட் விசாவில் வரும் உம்மா, முழங்கால் வலியோடு முன் இருக்கையை மடக்கிக் குனிந்து பின்னால் ஏற வேண்டும். இதற்கு நடுவழியாக ஹூண்டாய் வெலோஸ்டர் இருக்கிறது. 2011-ல் வந்த அந்த மாடலில் ஓட்டுநர் பக்கம் ஒரு கதவும், மறுபக்கம் இரண்டு கதவுகளும் உண்டு. பார்வைக்குக் கூபே போல இருக்கும், பின்னால் ஏறுவதும் எளிது.

மலிவாகக் கிடைப்பதன் ரகசியம்

ஒரே மாடல், ஒரே ஆண்டு. ஒரு கார் 60,000 திர்ஹம், இன்னொன்று 40,000. ஏன்? பெரும்பாலும் மலிவான கார் அமெரிக்க இறக்குமதியாக இருக்கும். அங்கே விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கி, காப்பீட்டு நிறுவனம் கைவிட்ட கார்கள் ஏலத்தில் எடுக்கப்பட்டு, இங்கே கொண்டுவந்து சரிசெய்து விற்கப்படுகின்றன. இறக்குமதி கார் எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஏர்பேக் வெடித்த காரில் புதிய ஏர்பேக் வைத்தார்களா, வெறும் மூடியை ஒட்டினார்களா என்பது வெளியிலிருந்து தெரியாது. இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

17 இலக்க சேஸிஸ் எண்ணைப் பாருங்கள். 1, 4, 5 என்று தொடங்கினால் அமெரிக்காவில் தயாரானது, ஜே என்றால் ஜப்பான், கே என்றால் கொரியா. மஸ்டாங் எங்கே விற்றாலும் 1-ல்தான் தொடங்கும். எனவே இந்த எழுத்தோடு நிறுத்தாமல், முழு எண்ணையும் இணையத்தில் கொடுத்துப் பழைய விபத்துப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். சிறு கட்டணத்தில் விவரம் கிடைக்கும். வளைகுடாவுக்கென்று தயாரான 'ஜிசிசி' கார்களில் ரேடியேட்டரும் ஏசியும் இந்த வெயிலுக்கு ஏற்றபடி இருக்கும். விலை கூடினாலும் அதையே தேடுவது நல்லது.

பணம் கொடுப்பதற்கு முன் பரிசோதனை நிலையத்தில் முழுச் சோதனை செய்யுங்கள். பதிவுக்காகச் செய்யும் சாதாரணச் சோதனை போதாது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் படியுங்கள். 2322 என்றால் 2022-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. ஐந்து வருடம் கடந்த டயரை இங்கே அனுமதிப்பதில்லை. டயர் பழையது என்றால் நான்கு டயரின் விலையையும் பேரத்தில் கழித்துவிடுங்கள்.

மாதக் கணக்கு

மத்திய வங்கி விதிப்படி, காரின் விலையில் 80 சதவீதம் வரைதான் கடன் கிடைக்கும், 60 மாதத்துக்குள் அடைக்க வேண்டும். 60,000 திர்ஹம் காருக்கு 12,000 முன்பணம், 48,000 பாக்கி. '3 சதவீதம்தான்' என்று விற்பனையாளர் சொல்வது பெரும்பாலும் 'பிளாட்' கணக்கு. ஐந்து வருடத்துக்கு அது 7,200 திர்ஹம். மாதத் தவணை 920. நீங்கள் மாதாமாதம் அசலை அடைத்துக்கொண்டே வந்தாலும், கணக்கு முழு 48,000-க்கும் போடப்படுவதால் உண்மை விகிதம் 5.5 சதவீதத்தையும் தாண்டிவிடும்.

வட்டியைத் தவிர்க்க நினைப்பவர்களுக்கு முராபஹா முறை இருக்கிறது. இதில் வங்கி காரைத் தானே வாங்கி, லாபம் சேர்த்த நிலையான விலையில் நமக்கு விற்கிறது. அங்கும் சதவீதத்தோடு நிற்காமல், "கடைசியில் மொத்தம் எவ்வளவு கட்டுவேன்? தவணை தாமதமானால் என்ன?" என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் பொறுத்துச் சேமித்து, சிறிய காரை ரொக்கமாக வாங்குவது எல்லாவற்றையும்விட நிம்மதி.

தவணையோடு செலவு முடிவதில்லை. நெரிசல் நேரத்தில் சாலிக் ஒருமுறைக்கு 6 திர்ஹம். போகவும் வரவும் ஒரே ஒரு வாயிலைக் கடந்தாலும் 22 வேலை நாளுக்கு 264 திர்ஹம் ஆகிறது. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் காப்பீடும் கூடும். விலையை இறுதி செய்வதற்கு முன்பே காப்பீட்டுக்கு மதிப்பீடு வாங்கிவிட வேண்டும்.

சைலன்சரை மாற்றிச் சத்தம் எழுப்பும் ஆசை இருந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிகச் சத்தமிடும் வாகனத்துக்கு அபராதம் 2,000 திர்ஹம், கூடவே 12 கரும்புள்ளிகள். 24 புள்ளி சேர்ந்தால் உரிமம் முடக்கப்படும். உரிமத்தை நம்பி வேலை பார்ப்பவருக்கு அது வேலை இழப்பில் கொண்டுபோய் விடும்.

இந்தத் தொகைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். அதே தாளில் மாதாமாதம் ஊருக்கு அனுப்பும் பணத்தையும், தங்கையின் படிப்புச் செலவையும் எழுதுங்கள். அவற்றில் ஒரு திர்ஹம்கூடக் குறையாமல் கார் அதற்குள் அடங்கினால் தயங்காமல் வாங்கலாம். அடங்கவில்லை என்றால் கார் ஓடிப்போகாது. இன்ஷா அல்லாஹ், அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம்.