தங்கவயல்: படத்தில் வராத கதை

கே.ஜி.எஃப். என்றதும் இன்றைய ரசிகர்களுக்கு ஞாபகம் வருவது நடிகர் யஷ். பிரசாந்த் நீல் இயக்கத்தில் 2018லும் 2022லும் வெளியான இரு கன்னடப் படங்கள் கோலார் தங்கவயலின் பெயரை நாடெங்கும் பரப்பின. அங்குள்ள சயனைட் மேடுகளில் படப்பிடிப்பும் நடந்தது. ஆனால் அது ஊரின் கதை அல்ல.

நிஜக் கதை 1880ல் தொடங்குகிறது. ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்ட வந்தது. பாறை உடைக்க இறங்கியவர்களில் கணிசமானவர்கள் வட ஆற்காடு பக்கத்துத் தலித் தமிழர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. 2001 பிப்ரவரியில் எல்லாம் மூடப்பட்டன. இன்று அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் வேலைக்காகத் தினமும் பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள்.

இந்தக் கதையைத் தேடும் ரசிகருக்கு முதல் சிபாரிசு, பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' (2024). விக்ரமின் உழைப்பைப் பாராட்டியவர்களில் பலருக்கு, படத்தில் வரும் புத்தர் சிலை புதிராகவே இருந்தது. விடை தங்கவயலின் அச்சுக்கூடத்தில் இருக்கிறது.

அயோத்திதாசப் பண்டிதர் 1907ல் சென்னையில் தொடங்கிய வார இதழ் 'தமிழன்'. அவருடைய பௌத்த சங்கத்துக்கு தங்கவயலின் மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. 1914ல் அவர் மறைந்தார். இதழும் சீக்கிரமே நின்றது. 1926ல் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தவர் தங்கவயலைச் சேர்ந்த ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களை இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை பதிப்பித்தது. பகலில் பாறை உடைத்தவர்களின் ஊர், ஒரு சிந்தனையாளரின் எழுத்தை அழியாமல் காத்தது.

அடுத்து படிக்க வேண்டியது, ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்'. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையம் 1999ல் வெளியிட்டது. பழைய தமிழ்நடை முதலில் மிரட்டும். நாலு கட்டுரை தாண்டினால் பழகிவிடும். ஆங்கிலம் படிப்பவர்களுக்கு ஜானகி நாயரின் 'மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்' (1998). கைரேகைப் பதிவை எதிர்த்து 1930ல் சுரங்கத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் போன்றவற்றை அறிய இது உதவும்.

இவற்றைப் படித்துவிட்டு மறுபடியும் 'தங்கலான்' பார்க்கலாம். புத்தர் சிலை இப்போது புதிராக இருக்காது.