சக்கரமும் மின்சாரமும் – 9: பெரிய பற்றரியின் மேல் விழும் பழி

சென்ற வாரம், ஹைபிரிட் வாகனத்தில் எஞ்சினும் மோட்டர்களும் வேலையைப் பங்குபோட்டுக்கொள்வதைப் பார்த்தோம். அந்தப் பங்கீட்டில் எங்காவது பிசகினால் டேஷ்போர்டில் ஒரு சிவப்பு முக்கோணம் எரியும். பக்கத்துத் திரையில் ‘ஹைபிரிட் சிஸ்டத்தைப் பரிசோதிக்கவும்’ என்று ஒரு வரி வரும். ஜப்பானில் ஓடிவிட்டு இலங்கைக்கு வந்த பிரியஸ், அக்வா என்றால் அந்த வரி பெரும்பாலும் ஜப்பானிய எழுத்தில் இருக்கும். கராஜில் கொண்டுபோய் நிறுத்தினால், ஸ்கானரை எடுக்கும் முன்பே “ஹைபிரிட் பற்றரி போயிட்டுது அண்ணை” என்று தீர்ப்புச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். அந்த ஒரு வரியை வைத்து இரண்டையும் சொல்ல முடியாது.

முதலில் சந்தேகப்பட வேண்டியது சின்னப் பற்றரியை. மூன்றாம் தலைமுறை பிரியஸில், அதாவது 2009இல் வந்த மாடலில், பெரிய பற்றரி 201.6 வோல்ட். அதோடு பின்பக்கத்தில் சாதாரண 12 வோல்ட் பற்றரி ஒன்றும் உண்டு. பெற்றோல் காரில் பற்றரி இளைத்தால் சாவியைத் திருப்பும்போதே தெரிந்துவிடும். ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்து முனகும். பிரியஸில் அந்த ஸ்டார்ட்டரே இல்லை. பெரிய பற்றரியின் வலுவில் மோட்டர்தான் எஞ்சினைச் சுழற்றுகிறது. 12 வோல்ட் பற்றரிக்கு இருக்கும் வேலை, கணினிகளை எழுப்புவதும் பெரிய பற்றரியை வாகனத்தோடு இணைக்கும் ரிலேக்களை மூடுவதும்தான். அது சோர்ந்தால் முனகல் எதுவும் கேட்காது. கணினிகள் அரைகுறை மின்னழுத்தத்தில் விழித்து, ஒன்றோடொன்று பேச முடியாமல், தமக்குத் தெரிந்த எச்சரிக்கைகளை எல்லாம் ஒன்றாக எரியவிடும். பிரேக், ஸ்டியரிங், ஹைபிரிட் என்று திரை முழுக்க வெளிச்சம். ‘ரெடி’ விளக்கு மட்டும் வராது.

ஒரே நேரத்தில் எல்லா விளக்கும் எரிந்தால் எல்லாமே பழுதாகிவிட்டது என்று பயப்படுவது இயல்பு. ஆனால் தொடர்பில்லாத ஐந்து பாகங்கள் ஒரே காலையில் பழுதாவது அபூர்வம். அவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றில் கோளாறு என்பதற்கே வாய்ப்பு அதிகம். ஒரு மல்டிமீற்றர் போதும். இரவு முழுக்க நின்ற வாகனத்தில் 12.6 வோல்ட் அளவில் காட்டினால் நல்லது. 12க்குக் கீழே போனால் பற்றரி வெறுமையாகிக் கிடக்கிறது. ‘ரெடி’ வந்த பிறகு 14 வோல்ட் அளவில் ஏற வேண்டும். ஏறாவிட்டால், பெரிய பற்றரியிலிருந்து சின்னதுக்கு மின்சாரத்தை இறக்கித் தரும் கன்வேர்ட்டரைப் பார்க்க வேண்டும். பிரியஸில் ஆல்டர்னேட்டர் கிடையாது. அந்த வேலையையும் செய்வது இந்தக் கன்வேர்ட்டர்தான்.

சின்னப் பற்றரி நன்றாக இருந்தும் முக்கோணம் எரிந்தால் ஸ்கானர் வேண்டும். திரையில் வரும் வரி தலைப்பு மாதிரி. செய்தி முழுவதும் கணினியின் நினைவில் இருக்கிறது. பிரியஸின் பெரிய பற்றரி 28 மொடியூல்களால் ஆனது. கணினி அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 தொகுதிகளாக அளக்கிறது. வாகனம் ஏற்றத்தில் இழுக்கும்போது ஒரு தொகுதியின் வோல்ட் மட்டும் மற்றவற்றைவிட விழுந்தால், பி0ஏ80 என்ற கோட் பதிவாகும். பழி நியாயமாகப் பெரிய பற்றரியின் மேல் விழுவது இங்கேதான்.

அப்போதும் ஒரு மொடியூலை மாற்றிவிட்டு ‘சரி’ என்பவரை நான் நம்பமாட்டேன். மற்ற 27உம் அதே வயது, அதே வெப்பத்தில் வெந்தவை. அந்த வெப்பத்துக்கு வாகனக்காரருக்கும் பங்குண்டு. பின் இருக்கையின் பக்கத்தில் ஒரு சிறிய காற்றுத் துவாரம் இருக்கிறது. பற்றரியைக் குளிரவைக்கும் விசிறி அதன் வழியாகத்தான் காற்றை இழுக்கிறது. நாம் அதை மறைத்துப் பையைச் சாய்த்து வைப்போம், பெட்ஷீற் விரிப்போம். கிரவல் வீதித் தூசியும் நாய் ரோமமும் உள்ளே போய் விசிறியில் அப்பிக்கொள்ளும்.

பி0ஏஏ6 வேறு வகை. உயர் மின்னழுத்தச் சுற்று வாகனத்தின் உடலிலிருந்து முற்றாகப் பிரிந்திருக்க வேண்டும். அந்தக் காப்பில் கசிவு கண்டால் இந்தக் கோட் வரும். பிரியஸில் இதனோடு மூன்று இலக்கத் துணை எண்ணும் கிடைக்கும். 611 என்றால் ஏசிப் பக்கம், 612 பற்றரிப் பக்கம், 613 மோட்டர்கள் இருக்கும் கியர்பெட்டிப் பக்கம், 614 இடையிலுள்ள உயர் மின்னழுத்தப் பகுதி. மலிவான ஸ்கானர் பெரும்பாலும் முதல் கோடை மட்டும் காட்டி நின்றுவிடும்.

இந்த 611க்குப் பின்னால் சில நேரம் ஏசி வேலை செய்தவரின் கை இருக்கும். ஹைபிரிட்டின் ஏசி கம்பிரெசர் பெரிய பற்றரியின் மின்சாரத்தில் ஓடுவது. அதன் மோட்டர்ச் சுருள் ஒயிலில் நனைந்தே இருக்கிறது. அதனால் மின்சாரம் கடத்தாத என்டி-11 வகை ஒயில்தான் ஊற்ற வேண்டும். சாதாரணக் கார்களின் பாக் ஒயிலைக் கொஞ்சம் கலந்தாலும் காப்பு கெடும். ஏசி குளிரும், ஹைபிரிட் எச்சரிக்கையும் எரியும். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக யாருக்கும் தோன்றாது.

இனி, வாகனம் ஆமை வேகத்தில் ஊரும் நிலை. முதல் தலைமுறை பிரியஸில் வலு குறைந்தால் மஞ்சள் நிறத்தில் ஓர் ஆமையே எரிந்தது! பிறகு வந்தவற்றில் ஆமை போய்விட்டது, ஏற்பாடு இருக்கிறது. கோளாறு கண்ட கணினி, வலுவைக் குறைத்து, ஓரம் கட்டும் அளவுக்காவது வாகனத்தை நகரவிடும். அந்த ஏற்பாடும் தவறலாம். 2014இல் டொயோட்டா உலகெங்கும் ஏறத்தாழ 19 லட்சம் பிரியஸ்களைத் திருப்பி அழைத்தது. மின்னழுத்தத்தை உயர்த்தும் பகுதியின் டிரான்சிஸ்டர்கள் சூட்டில் சேதமாகலாம் என்பதால் மென்பொருளை மாற்றினார்கள். 2018 ஒக்டோபரில் பிரியஸ், ஓரிஸ் உட்பட 24 லட்சம் வரையான வாகனங்களுக்கு மறுபடி அழைப்பு. இந்த முறை காரணம், அரிதான சில சந்தர்ப்பங்களில் வாகனம் அந்தப் பாதுகாப்பு நிலைக்குப் போகாமல் வலுவிழந்து நின்றுவிடலாம் என்பது. ஜப்பானில் முதல் உரிமையாளருக்குப் போன கடிதம் யாழ்ப்பாணத்துக்கு வராது. ஆனால் சேசி எண்ணைக் கொடுத்தால் டொயோட்டாவின் ஜப்பானிய இணையத்தளத்தில், அந்த வேலை பாக்கி இருக்கிறதா என்று பார்க்கலாம்.

ஆகவே முக்கோணம் எரிந்தால் ஓரம் கட்டுங்கள். திரையைக் கைபேசியில் படம் எடுங்கள். எழுத்து ஜப்பானியம் என்றால் இது இன்னும் அவசியம். அப்போது ஏசி போட்டிருந்ததா, ஏற்றமா, மழையா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பற்றரிக் கம்பியைக் கழற்றி மாட்டி விளக்கை அணைக்கும் வித்தையை யாருக்கும் அனுமதிக்காதீர்கள். பழுது நடந்த கணத்தின் வேகம், வெப்பம், வோல்ட் எல்லாம் கோடோடு சேர்ந்து பதிவாகியிருக்கும். விளக்கோடு அதுவும் அழியக்கூடும். உயர் மின்னழுத்தம் ஓடும் செம்மஞ்சள் கேபிள்கள் பக்கம் கையை நீட்டவே வேண்டாம். பயின்ற மெக்கானிக்கே பெரிய பற்றரியைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றிவிட்டு, கெப்பாசிற்றரில் தங்கிய மின்சாரம் இறங்கப் பத்து நிமிடம் காத்திருந்துதான் தொடுவார்.

இன்னொன்று. கொழும்பு நெரிசலில் கியரை ‘என்’னில் போட்டுவிட்டு ஏசியோடு காத்திருக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ‘என்’னில் பெரிய பற்றரிக்கு சார்ஜ் ஏறாது, ஏசி அதைத் தின்றுகொண்டே இருக்கும். அப்போது வரும் ‘பற்றரி குறைவு’ எச்சரிக்கைக்கு கராஜ் தேவையில்லை. ‘பி’க்கு மாற்றினால் எஞ்சின் தானாக எழுந்து சார்ஜ் ஏற்றத் தொடங்கிவிடும்.

பிரேக் எச்சரிக்கை தனியாக வந்தால் கதை வேறு. அதை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.