வீட்டு ஜிஞ்சர் பீர் பாட்டில் ஏன் வெடிக்குது? 'ரூம் டெம்பரேச்சர்' செய்யும் வேலை!

வேலம்பாளையத்தில் சிமென்ட் ஷீட் போட்ட ஒரு லைன் வீடு. ஏப்ரல் மாத மதியம். யூடியூப் பார்த்து இஞ்சி, எலுமிச்சை, சர்க்கரை, ஈஸ்ட் கலந்து செய்த ஜிஞ்சர் பீரை கண்ணாடி பாட்டிலில் அடைச்சு அலமாரியில் வெச்சாச்சு. 'மூணு நாள் ரூம் டெம்பரேச்சரில் வைக்கவும்' என்கிறது வீடியோ. ஆனா, எந்த ஊரு ரூம்?

பல வெளிநாட்டு ரெசிப்பிகளில் அது சுமார் 20 டிகிரி. நம்ம ஷீட் வீட்டுல கோடையில் 35 டிகிரிக்கும் மேல. அங்கே மூணு நாளில் நடப்பது இங்கே ஒரே நாளில் நடந்துடும். சிக்கலே இதுதான்.

உள்ளே என்ன நடக்குது?

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்ஸைடையும் வெளியிடும். 4 கிராம் சர்க்கரை முழுசா நொதித்தால், சுமார் ஒரு லிட்டர் வாயு வரும். கடை சோடாவில், ஒரு லிட்டருக்கு சுமார் 4 லிட்டர் வாயுதான் இருக்கும். நீங்க ஒரு லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை போட்டிருந்தா, 25 லிட்டர் வாயுவுக்கான சரக்கு உள்ளே இருக்கு!

வெயில் இன்னொரு வேலையும் பார்க்கும். சாதாரண காற்றழுத்தத்தில், 4 டிகிரி குளிர்ச்சியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் ஒன்றரை லிட்டர் வாயுவைக் கரைச்சு வெச்சிருக்கும். 35 டிகிரியில் அது 0.6 லிட்டர்தான். மிச்ச வாயு பாட்டிலைத்தான் தள்ளும்.

கோலி சோடா பாட்டில் தாங்குதேன்னு கேட்கலாம். 1872-ல் இங்கிலாந்தின் ஹிராம் காட் காப்புரிமை பெற்ற அந்த பாட்டிலின் கனமான கண்ணாடி, அழுத்தத்துக்காகவே செய்யப்பட்டது. ஜாம், ஜூஸ் பாட்டில்கள் அப்படி இல்லை.

ஓவர் கேஸ் ஆயிடுச்சா? இதைச் செய்யுங்க

* பாட்டிலைக் குலுக்காதீங்க, கையில் தூக்கிப் பார்க்காதீங்க. குழந்தைகளை அந்த ரூமிலிருந்து வெளியே அனுப்பிடுங்க.
* கண்ணாடி, முழுக்கை சட்டை, கனமான கையுறை அவசியம். பாட்டில் மேல தடிமனான துணியைப் போர்த்துங்க. திருப்பூர்ல பனியன் வேஸ்ட் துணிக்கா பஞ்சம்? நாலைஞ்சு மடிப்பா போடுங்க.
* மூடி உள்ள பெட்டியில் வைத்து, அப்படியே ஃபிரிட்ஜுக்குள் ஒரு நாள் முழுக்க வைங்க. ஃப்ரீசர் வேண்டாம், உறைந்தால் விரிந்து உடையும்.
* நல்லா குளிர்ந்த பிறகு, துணி போர்த்தியபடியே பக்கெட்டுக்குள் வெச்சு மூடியை மெதுவா தளர்த்துங்க. 'ஸ்ஸ்'னு வாயு போகட்டும். நுரை ஏறினா மூடி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி தளர்த்துங்க. முகத்தை பாட்டிலுக்கு நேரா வைக்காதீங்க.
* புளிச்ச நாற்றமோ, பூஞ்சையோ இருந்தா சிங்க்கில் ஊத்திடுங்க. 50 ரூபாய் சர்க்கரைக்காக கண்ணைப் பணயம் வைக்க வேண்டாம்.

அடுத்த முறை?

கண்ணாடிக்குப் பதில் காலி சோடா, கோலா பிளாஸ்டிக் பாட்டில் பயன்படுத்துங்க. அதுதான் உங்க மீட்டர். தினம் ரெண்டு தடவை அமுக்கிப் பாருங்க. கல்லு மாதிரி ஆனதும் நாள் கணக்கு பார்க்காம ஃபிரிட்ஜுக்கு மாத்துங்க. மேலே ரெண்டு விரல் இடம் விடுங்க. பாட்டிலை வெந்நீரில் கழுவுங்க. வெந்நீர் சூட்டுல பிளாஸ்டிக் சுருங்கும், அதனால மிதமான சூடு போதும். ஃபிரிட்ஜ் ஈஸ்ட்டை நிறுத்தாது, மெதுவாக்கும். அதனால ஒரு வாரத்துக்குள் குடிச்சிடுங்க. கரன்ட் போற நாளில் கூடுதல் கவனம்.

ரெண்டு விஷயம். இதில் கொஞ்சம் ஆல்கஹால் இருக்கும், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். 'அப்போ நிஜ பீரே காய்ச்சலாமே'ன்னு கிளம்பிடாதீங்க. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம்.

ரெசிப்பியை எங்கிருந்து வேணும்னாலும் எடுங்க. வெயிலை மட்டும் நம்ம ஊர் கணக்கில் போடுங்க!