ஒரு டாலரும் பதினாறு கோடியும்

1922 ஜனவரி 11. டொராண்டோ பொது மருத்துவமனையில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவன் சர்க்கரை நோயால் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். மாட்டுக் கணையத்திலிருந்து பிரித்தெடுத்த சாற்றை அவனுக்கு ஊசியாகப் போட்டார்கள். பெரிய பலனில்லை, ஊசி போட்ட இடம் சீழ் கட்டியது. உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் ஓய்வின்றி உழைத்துச் சாற்றைச் சுத்தமாக்கித் தர, 12 நாள் கழித்து மறுபடி போட்டார்கள். பையன் எழுந்துவிட்டான். அந்தச் சாறுதான் இன்சுலின். அதைத் தேடி ஆய்வாளர்கள் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களை வைத்து ஆய்வைத் தொடங்கி அப்போது எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மறு ஆண்டு அவர்களும் காலிப்பும் இன்சுலின் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த ஒரு டாலரை வணங்குகிறேன். ஆனால் அந்த எட்டு மாத வேகத்துக்கு ஏங்க மாட்டேன். 1937இல் அமெரிக்காவில் ஒரு மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவத்தில் கரைத்து, சோதித்துப் பார்க்காமலே விற்றார்கள். நூறு பேருக்கு மேல் செத்தார்கள். விற்பதற்கு முன் பாதுகாப்பை நிரூபிக்கச் சொல்லும் சட்டம் அதன் பிறகே, 1938இல் வந்தது. தாலிடோமைடு என்ற மருந்து கைகால் வளராத குழந்தைகளைப் பிறக்கவைத்ததை உலகம் கண்ட பின், 1962இல், மருந்து பலன் தருகிறது என்பதையும் நிரூபிக்க வேண்டும் என்றானது. அதே டைஎத்திலீன் கிளைக்கால்தான் 2025இல் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் இருந்து மத்தியப் பிரதேசக் குழந்தைகளைக் கொன்றது. சோதனைக்கு ஆகும் செலவில் ஒரு காசைக்கூட வீண் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இன்று மனிதரிடம் சோதனைக்கு வரும் மருந்துகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான் விற்பனைக்குத் தேறுகிறது. உயிரி மருந்து என்றால் கவனம் இன்னும் கூடுதல். உயிருள்ள செல்களைக் கலனில் வளர்த்து, அவற்றைக் கொண்டே மருந்தைச் செய்ய வேண்டும். ஒரு கிருமி புகுந்தால் அந்தக் கலன் முழுதும் கழிவு.

செலவு எவ்வளவு? ஒரு புதிய மருந்துக்கு 260 கோடி டாலர் என்றது டஃப்ட்ஸ் பல்கலைக்கழக மையம் 2014இல் வெளியிட்ட கணக்கு. அதில் உண்மையில் கையைவிட்டுப் போன பணம் சுமார் 140 கோடி. மிச்சம், அந்தப் பணத்தை இத்தனை ஆண்டு வேறு முதலீட்டில் போட்டிருந்தால் வந்திருக்கும் வருமானம். 2020இல் வெளியான இன்னோர் ஆய்வு, இடைநிலைச் செலவு 98.5 கோடி டாலர் என்றது. எதை நம்புவது என்பதைவிட, விலையை உண்மையில் எது தீர்மானிக்கிறது என்ற கேள்விதான் என்னை அரிக்கிறது.

தமிழ்நாட்டில் '16 கோடி ஊசி' என்றாலே தெரியும். தண்டுவடத் தசைச் சிதைவு நோயுள்ள குழந்தைகளுக்காக முகம் தெரியாதவர்களெல்லாம் பணம் அனுப்பினார்களே, ஒரே முறை போடும் அந்த ஜோல்ஜென்ஸ்மா. ஒஹாயோவின் கொலம்பஸ் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில், 15 குழந்தைகளிடம் அதை முதலில் சோதித்தார்கள். அதன் ஆரம்ப ஆய்வுக்கு அமெரிக்க அரசின் பணமும், நோயுற்ற குழந்தைகளின் பெற்றோர் திரட்டிய நன்கொடையும் உதவின. பிறகு அதை வைத்திருந்த அவெக்சிஸ் நிறுவனத்தை 2018இல் நோவார்ட்டிஸ் 870 கோடி டாலருக்கு வாங்கியது. மறு ஆண்டு விலை சொன்னது: 21 லட்சம் டாலருக்கும் மேல். அதற்குக் காட்டிய நியாயம், செய்த செலவு அல்ல. காலமெல்லாம் போட வேண்டிய மாற்று மருந்துக்குப் பத்தாண்டில் ஆகும் செலவில் இது பாதி என்பது. தாய் தன் பிள்ளைக்காக எவ்வளவு தர நேரும் என்பதே இங்கே விலையின் அளவுகோல். அன்று ஒரு டாலர் வாங்கியவர்களும் அந்த அளவுகோலை அறியாதவர்கள் அல்ல, எடுக்க மறுத்தவர்கள்.

வேறு வழி அடைபட்டுவிடவில்லை. பம்பாய் ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய ரத்தப் புற்றுநோய்க்கான நெக்ஸ்கார்19 சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்திய அனுமதி கிடைத்தது. நோயாளியின் செல்லுக்குள் மரபணுவை ஏற்றும் வைரஸைக்கூட இங்கேயே செய்துகொண்டார்கள். விலை, இதே வகைச் சிகிச்சையின் அமெரிக்க விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அதுவும் ஒரு நெசவாளர் குடும்பம் வீட்டை விற்றாலும் தேறாத தொகைதான்.