ஒரே வயரில் கரண்டும் படமும்

குமுளி கடைத்தெருவில் சற்று நிமிர்ந்து பாருங்கள். பல கடைகளின் கூரை ஓரத்தில் கேமரா தெரியும். கொழிஞ்சாம்பாறையிலும் அப்படித்தான். சில கேமராக்களுக்கு ஒரே ஒரு வயர்தான் போகிறது. அதிலேயே படம் வருகிறது. அதிலேயே கரண்டும் போகிறது. எப்படி?

கடைக்குள் ஒரு சிறிய பெட்டி இருக்கும். அதற்கும் சுவிட்ச் என்றுதான் பெயர். விளக்குப் போடும் சுவிட்ச் அல்ல இது! இதில் வரிசையாகத் துளைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வயரைச் செருகலாம். வயருக்குள் எட்டு மெல்லிய கம்பிகள். அவற்றின் வழியே சுமார் 48 வோல்ட் கரண்ட் கேமராவுக்குப் போகிறது. வீட்டுக் கரண்ட் 230 வோல்ட்.

நல்ல பெட்டி சும்மா கரண்ட் அனுப்பாது. முதலில் மிகக் கொஞ்சமாக அனுப்பிப் பார்க்கும். மறுமுனையில் கரண்ட் வாங்கும் கருவி இருக்கிறதா என்று சோதிக்கும். இருந்தால்தான் முழுதாகத் தரும். இதற்கான உலக விதி 2003இல் வந்தது. விலை குறைந்த சில பெட்டிகள் சோதிப்பதே இல்லை. அதில் கம்ப்யூட்டர் வயரைச் செருகினால் கம்ப்யூட்டர் கெட்டுப்போகலாம். வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

வயரிலும் ஏமாற்று உண்டு. அலுமினியக் கம்பிக்குச் செம்பு பூசி விற்கிறார்கள். கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அது சூடாகும். முனை கருகும். முழுச் செம்பு வயர்தான் வேண்டும். ஒரு வயர் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது.

48 வோல்ட்டை விடப் பெரிய ஆபத்து வேறு இருக்கிறது. அது மின்னல்.

நம் மலைப்பக்கம் சித்திரையிலும் ஐப்பசியிலும் மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல் அதிகம். மின்னல் கேமரா மேலேயே விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்து மரத்தில் விழுந்தாலும் போதும். வெளியே நீளமாக ஓடும் வயரில் கரண்ட் பாயும். அது கடைக்குள் வரும். பெட்டி எரியும். அந்த நேரத்தில் வயரைத் தொட்டவர் உயிருக்கே ஆபத்து.

பெட்டியின் பிளக்கில் மூன்று கால் இருந்தால் பெரிய கால் எர்த்துக்கு. ஓட்டையில் நுழையவில்லை என்று அதை ஒடித்துவிடுகிறார்கள். இது பெரிய தப்பு. மின்னல் தடுப்புக் கருவி வாங்கி வைத்தாலும் எர்த் இல்லாவிட்டால் அது வீண்.

வானம் கறுக்கும்போதே பிளக்கைப் பிடுங்குங்கள். வெளியிலிருந்து வரும் கேமரா வயரையும் பெட்டியிலிருந்து கழற்றுங்கள். பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. இடிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டதா? எதையும் தொடாதீர்கள். பெட்டி போனால் போகட்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வயரைத் திரும்பச் செருக வேண்டும்.