நம் வீட்டுக்கு வராத கணக்கெடுப்பை நம்பலாமா?

தேசியக் குடும்பநல ஆய்வின் முடிவுகள் வெளியாகும்போதெல்லாம் ஒரு சந்தேகம் எழும்: “எங்கள் தெருவுக்கே யாரும் வரவில்லை. பிறகெப்படி இத்தனை சதவீதப் பெண்களுக்கு ரத்தசோகை என்கிறார்கள்?”

2019–21இல் நடந்த ஐந்தாவது சுற்றில் 707 மாவட்டங்களில் 6,36,699 வீடுகளில் தகவல் திரட்டப்பட்டது. இந்தியாவின் வீடுகளில் இது முந்நூறில் ஒன்றுகூடத் தேறாது. ஆனாலும் அந்த முடிவு நாட்டுக்கே பொருந்துவதற்குக் காரணம், வீடுகளைத் தேர்ந்தெடுத்த முறை.

எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பட்டியலிலிருந்து கிராமங்களும் நகர்ப்புறத் தொகுதிகளும் குலுக்கல் முறையில் எடுக்கப்படுகின்றன. பெரிய கிராமத்துக்கு வாய்ப்பும் அதிகம். பிறகு அந்தப் பகுதியின் வீடுகளையெல்லாம் பட்டியலிட்டு, சீரான இடைவெளியில் 22 வீடுகளைக் குறிக்கிறார்கள். களப்பணியாளர் தனக்குத் தோதான சாலையோர வீட்டுக்குள் நுழைந்துவிட முடியாது. வீடு பூட்டியிருந்தால் மறுபடி போக வேண்டும். பக்கத்து வீட்டை மாற்றாகச் சேர்க்க அனுமதி கிடையாது. பகல் முழுக்கக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் கணக்கிலிருந்தே விடுபட்டுவிடக் கூடாது அல்லவா?

லட்சக்கணக்கில் கேட்டும் தப்பிய கணிப்பு

தேர்வு முறை தவறினால் என்ன ஆகும்? 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. ஆல்ஃப் லேண்டன் வெல்வார் என்றது இதழ். ஆனால் 48 மாநிலங்களில் 46ஐ அவருடைய போட்டியாளர் ரூஸ்வெல்ட் கைப்பற்றினார். தொலைபேசிப் புத்தகத்திலும் கார் பதிவேட்டிலும் முகவரி எடுத்ததால், பொருளாதார மந்தநிலையில் தவித்த ஏழைகள் பலர் பட்டியலிலேயே இல்லை. சீட்டு கிடைத்தவர்களிலும் பெரும்பாலோர் பதில் போடவில்லை. அவர்களின் மனநிலை பதில் போட்டவர்களுடையதைப் போல இருக்கவும் இல்லை.

எதுவரை பொருத்தலாம்?

சரியாகத் தேர்ந்தெடுத்த மாதிரிக்கும் எல்லை உண்டு. குடும்பநல ஆய்வில் ரத்தசோகை விவரம் மாவட்டவாரியாகக் கிடைக்கும். குடும்ப வன்முறை பற்றிய கேள்விகளோ சுமார் 15% வீடுகளில் மட்டுமே கேட்கப்பட்டன. அந்த விவரத்தை மாநிலத்துக்குச் சொல்லலாம். மாவட்டத்துக்குப் பிரித்துச் சொன்னால் பிழையாகிவிடும். பட்டியல் பழையது என்பதும் ஒரு குறை: 2011க்குப் பின் நகரமாகிவிட்ட ஊர்கள் அதில் கிராமமாகவே நிற்கின்றன.

‘ஆய்வில் தகவல்’ என்ற தலைப்பை அடுத்த முறை பார்க்கும்போது, எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதோடு நின்றுவிடாதீர்கள். எந்தப் பட்டியலிலிருந்து, எப்படி எடுத்தார்கள், எத்தனை பேர் பதில் சொல்லவில்லை என்றும் தேடுங்கள். இணையத்தில் தாமாக முன்வந்து பொத்தானை அழுத்தியவர்கள் பத்து லட்சம் பேரானாலும், அது அவர்களுடைய கருத்து மட்டுமே. மக்கள் கருத்து ஆகாது.